சம்ப் பாதிக்குக் கீழே இறங்கினால் மோட்டார் தண்ணீர் எடுப்பதில்லை

கேள்வி: வேளச்சேரிவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தனி வீட்டில் ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழத்தில், ஏறக்குறைய 5,000 லிட்டர் பிடிக்கும் சம்ப் (தரைக்கடித் தொட்டி) இருக்கிறது. அதன் மூடிக்கு அருகே ஓரடி உயரத் திண்டில் 1 எச்.பி. செல்ஃப் பிரைமிங் மோனோபிளாக் மோட்டார் வைத்து, இரண்டு மாடிக்கு மேலுள்ள தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். சம்புக்குள் இறங்கும் குழாய், வீடு கட்டியபோது போட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்.

சம்ப் நிறைந்திருக்கும் நாளில் ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் ஏறிவிடுகிறது. ஆனால் லாரித் தண்ணீர் வர இரண்டு நாள் தாமதமாகி, சம்ப் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், மோட்டார் சத்தம் மாறாமல் ஓடிக்கொண்டே இருந்தும் மேலே சொட்டுத் தண்ணீர்கூட விழுவதில்லை. மோட்டாரின் மேலுள்ள மூடியைக் கழற்றிக் குடத்தால் தண்ணீர் ஊற்றினால் ஓரிரு நிமிடம் ஏற்றிவிட்டு, குழாய் கடகடவென்று அதிர, மறுபடி நின்றுவிடுகிறது. குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வை இருமுறை மாற்றியாகிவிட்டது; கண்டன்சரும் புதிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மோட்டார் மூழ்கி ரீவைண்டிங் செய்யப்பட்டதால், காயில் வலுவிழந்துவிட்டது என்றும் 1.5 எச்.பி. மோட்டார் வாங்குவதே வழி என்றும் பிளம்பர் சொல்கிறார். செலவு செய்வதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில்: கோவைப் பட்டறைக்காரர்

ஐயா, தயவுசெய்து புது மோட்டார் வாங்கிவிடாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. காயிலோ கண்டன்சரோ பழுதானால் மோட்டார் உறுமும், கிளம்பத் திணறும், கை வைக்க முடியாதபடி சூடாகும், அல்லது டிரிப் ஆகும். சம்ப் நிறைந்த நாளில் நன்றாகவும் பாதியான நாளில் மோசமாகவும் அது ஓடாது. மட்டத்தைப் பொறுத்து வரும் கோளாறு என்றால், அது தண்ணீர் போகும் பாதையில்தான் இருக்கும்.

சம்புக்குள் தொங்கும் குழாயில், பாதி ஆழத்தையொட்டி, எங்கோ ஓர் ஓட்டை அல்லது தளர்ந்த இணைப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு. தண்ணீர் அதற்கு மேலே நிற்கும்வரை அந்த ஓட்டை வழியாகவும் தண்ணீரே உள்ளே வருவதால் குறை வெளியே தெரியாது. மட்டம் கீழே இறங்கி ஓட்டை காற்றில் தெரிய ஆரம்பித்த கணமே மோட்டார் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கத் தொடங்கும். ஊற்றிய தண்ணீர் சிறிது நேரம் ஏறிவிட்டு நிற்பதும், குழாய் கடகடப்பதும் அதனால்தான்.

பெரிய மோட்டார் ஏன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் தண்ணீரை நேரடியாக இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்று சம்பிலுள்ள தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் இப்படித் தள்ளக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் 6 முதல் 7 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உங்கள் சம்பின் அடியிலிருந்து மோட்டார்வரை எட்டடிகூட இராது, அதாவது இரண்டரை மீட்டருக்குள். குழாயில் காற்று புகாமல் இருந்தால் அரை எச்.பி. மோட்டாருக்கே இது எளிய வேலை. காற்று புகுந்தால், எத்தனை எச்.பி. வைத்தாலும் காற்றைத்தான் இழுக்கும்.

சோதிக்கும் முறை எளிது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மோட்டாருக்கு அருகிலுள்ள யூனியனை (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பை) திறந்து, குழாயை ஃபுட் வால்வோடு சேர்த்துச் சம்பிலிருந்து மேலே தூக்கிவிடுங்கள். செங்குத்தாக நிறுத்தி மேல் வாய் வழியாகத் தண்ணீர் நிரப்பிக் கால் மணி நேரம் பாருங்கள். ஃபுட் வால்வில் ஒழுகினால் அடியில் சொட்டும். குழாயில் ஓட்டை இருந்தால் அந்த இடம் ஈரமாகும். தூக்குமுன், மோட்டாரை ஓடவிட்டு வெளியே தெரியும் ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் ஊதுவத்தியைக் காட்டிப் பாருங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் அந்த இணைப்பும் காற்று வாங்குகிறது என்று அறியலாம்.

பதில்: தாம்பரம் எலக்ட்ரீசியன்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். முதலாவது, தண்ணீர் ஏறாத மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். உள்ளே தங்கிய கொஞ்சத் தண்ணீர் சூடேறி, ஷாஃப்டில் இருக்கும் வாட்டர் சீலைக் கெடுத்துவிடும். பம்புக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் சீல் போய்விட்டது, உடனே மாற்றாவிட்டால் ஈரம் பேரிங்குக்கும் அதன் பின் காயிலுக்கும் போகும். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் என்பதால் எர்த் இணைப்பைச் சரிபாருங்கள்; மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒழுங்காக டிரிப் ஆகிறதா என்பதையும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் அவசரமாகச் சம்புக்குள் இறக்காதீர்கள். வெகுநாள் மூடிக் கிடந்த சம்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். அது வாசனையால் தெரியாது, இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். குழாயை மேலிருந்தே தூக்கிவிடலாம் என்பதால் உங்களுக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

பதில்: வேளச்சேரிவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் காலை மகனும் நானும் குழாயை மேலே எடுத்தோம். ஃபுட் வால்வில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஃபுட் வால்விலிருந்து சுமார் மூன்றடி உயரத்தில், தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில், வண்டலும் துருவும் சேர்ந்து தடித்த பொருக்கு ஒன்று இருந்தது. அதை ஸ்க்ரூடிரைவர் முனையால் பெயர்த்ததும் கடுகளவு ஓட்டையிலிருந்து தண்ணீர் நூலாகப் பீய்ச்சியது. எதிர்ப்பக்கம் துரு தின்ற இடம், விரலால் அழுத்தினாலே உள்ளே போயிற்று.

எம்-சீல் பூசி ஒட்டிவிடலாமா என்று கேட்கிறேன். அல்லது குழாய் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: கோவைப் பட்டறைக்காரர்

ஒட்ட வேண்டாம், ஐயா. ஓர் இடத்தில் துளைத்த துரு அடுத்த ஆண்டு பக்கத்தில் துளைக்கும். அதே அளவில் கனமான யு.பி.வி.சி. (பிளாஸ்டிக்) குழாயாக மாற்றுங்கள், அளவைக் குறைத்துவிடாதீர்கள். சம்புக்குள் இணைப்பே வராதபடி ஒரே துண்டாக வெட்டச் சொல்லுங்கள். ஃபுட் வால்வு அடியிலிருந்து அரையடியாவது மேலே இருந்தால் வண்டலை இழுக்காது. மோட்டார் அருகில் யூனியனை அப்படியே விட்டுவைத்து, அதன் ரப்பர் வாஷரை மட்டும் புதிதாகப் போடுங்கள். அடுத்த முறையும் குழாயைத் தூக்கிப் பார்க்க அது வேண்டும்.