ரெய்டு 5 ரீபில்டு 63 சதவீதத்தில் நிற்கிறது, என்ன செய்யலாம்?

மதுரை சிம்மக்கல் பக்கம் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங் டெஸ்க்டாப்பில் 4 டிபி டிஸ்க் நான்கு போட்டு, உபுண்டு 22.04-இல் எம்டிஆட்ம் (mdadm) என்ற மென்பொருள் வழியாக ரெய்டு 5; அதாவது நான்கும் சேர்ந்து ஒரே டிஸ்க் மாதிரி, ஒன்று போனாலும் டேட்டா தப்பிக்கும். மொத்தம் 12 டிபி, அதில் 8 டிபி நிறைந்திருக்கிறது. மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

போன செவ்வாய் மதியம் கரண்ட் போய்ப் போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே வீக். மாலையில் பார்த்தால் மூன்றாவது டிஸ்க்கில் பல்லி கத்துவது மாதிரி டிக் டிக் சத்தம், ரெய்டிலிருந்து கழன்றுவிட்டது.

சாட்டா கேபிள், போர்ட், பவர் கனெக்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. சரி என்று புது டிஸ்க் வாங்கிச் சேர்த்தேன். மூன்று முறையும் ரீபில்டு (மீதி டிஸ்க்குகளைப் படித்துப் புதியதை நிரப்புவது) 63 சதவீதத்தில் நின்றுவிட்டது. லாக்கில் இரண்டாவது டிஸ்க்கில் ரீட் எரர்; டிஸ்க் தன்னைத் தானே சோதித்துச் சொல்லும் ஸ்மார்ட் கணக்கில் பெண்டிங் செக்டார் (சரியாகப் படிக்க முடியாத இடங்கள்) 24. அதாவது இன்னொன்றும் போகிற வழியில் இருக்கிறது. கடைப் பையன் "ஃபார்மட் பண்ணிரலாம்ணே" என்றான். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

ரீட் ஒன்லியில் மவுண்ட் ஆகிறது, ஃபோல்டர்கள் தெரிகின்றன. இப்போது எதுவும் எழுதாமல் அணைத்து வைத்திருக்கிறேன். ரெய்டு பேக்கப் ஆகாது என்று தெரியும், அதற்கு அப்புறம் திட்டுங்கள். இரண்டு கல்யாண ஆல்பம் இன்னும் கொடுக்கவில்லை.

முதலில் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு எடுப்பதா, அல்லது இரண்டாவது டிஸ்க்கை டிடிரெஸ்க்யூவில் (ddrescue, பழுதான டிஸ்க்கிலிருந்து படிக்க முடிந்ததையெல்லாம் எடுக்கும் மென்பொருள்) அப்படியே நகலெடுத்து, அந்த நகலை வைத்து ரீபில்டு செய்வதா?