கீல்ஹால்: தண்டனைக்கு ஒரு சொல், வசவுக்கு வேறு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கீல்ஹால் (keelhaul) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். ஆளைக் கப்பலுக்கு அடியில் இழுக்கும் பழைய கடல் தண்டனை அது; இன்று கடுமையாகத் திட்டுவதற்கும் அதுவே சொல். அதற்குச் சொல்லப்பட்ட 'நாவாய்க்கீழ் ஈர்ப்பு' எனக்கு ஒப்பவில்லை. ஈர்ப்பு என்றதும் நியூட்டன்தான் வந்து நிற்கிறார். 'கீல் இழுவை' அதைவிட மோசம். கீல் நமக்குக் கதவில் இருப்பது. மரத்துக்குப் பூசும் தாரும் கீல்தான். இழுவை என்றால் எங்கள் கரையில் இழுவைமடி, விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப் போகும் வலை. நாட்டுப்படகுக்காரர் காதில் விழுந்தால் சண்டையே வந்துவிடும்.

போன வாரம் பாம்பனில் ஒரு வள்ளத்தைக் கரையேற்றி, ஒருக்களித்துப் போட்டு, அதில் ஒட்டி வளர்ந்த கொட்டலசைச் (கூரான ஓடுள்ள சிறு கடலுயிர்) சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் மரத்தைத் தொட்டு, "இதுக்குப் பேர் என்னண்ணே?" என்றேன். "ஏரா. இதுகூடத் தெரியாதா தம்பி?" என்றார் ஒருவர். ஆங்கிலத்தின் கீல் (keel) இதுதான். ஏரா அகராதியிலும் இருக்கிற சொல்தான். சுரண்டாத இடத்தில் கையை வைத்துவிட்டேன். விரல் நுனி கீறி ரத்தம். அப்போதுதான் அந்தத் தண்டனையின் கொடுமை உறைத்தது.

மூலம் டச்சுச் சொல், கீல்ஹாலன். ஆளைக் கயிற்றில் பிணைத்து, பருமல் (பாய்மரத்தில் குறுக்கே கட்டும் கழி) நுனியிலிருந்து கடலில் போட்டு, கப்பலுக்கு அடியில் இழுத்து மறுபக்கம் தூக்குவார்கள். மூச்சு முட்டிச் சாகாவிட்டால் கொட்டலசு உடம்பைக் கிழித்துவிடும். டச்சுக்காரர்கள் இதைச் சட்டப்படி ஒழித்தது 1853இல்தான். இதற்கு 'ஏராவடி இழுப்பு' என்று வைக்கலாம். (அவசரத்தில் ஏர்வாடி என்று படித்துவிடாதீர்கள்.)

அப்புறம் வசவு. இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் கடுமையாகக் கண்டிப்பதைத்தான் குறிக்கிறது. அதற்குப் புதுச்சொல் எதற்கு? 'மேலாளர் அவரை ஏராவடி இழுத்தார்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? 'காய்ச்சி எடுத்தார்', 'வாங்கு வாங்கென்று வாங்கினார்' எல்லாம் இருக்கின்றன. என் ஓட்டு 'கிழித்துத் தொங்கவிட்டார்' என்பதற்கு. கிழிப்பது, தொங்குவது இரண்டுமே பழைய தண்டனையில் உண்டு. 'மானத்தைக் கப்பலேற்றினார்' என்பதில் கப்பல் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அது அவமானம், கண்டிப்பு அல்ல. பெற்ற பிள்ளையே ஒரு வார்த்தை திட்டாமல் அப்பாவின் மானத்தைக் கப்பலேற்றிவிடுவான்.

சரி, கடல் கதையில் கப்பல் தலைவனே மாலுமியை மிரட்டும்போது இந்தச் சொல்லைச் சொன்னால்? அங்கே கலைச்சொல்லே வேண்டாம். "ஏராவுக்கு அடியில விட்டு இழுத்துருவேன்" என்று பேச்சாகவே விட்டுவிடுங்கள்.