ஃபூக்கெட்டிலிருந்து காலித் துறைமுகத்துக்குப் பாய்மரப் படகில் பத்து நாள்: ஒப்புக்கொள்ளலாமா?

திருவான்மியூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற மின்பொறியாளர், வயது 58. சென்னைத் துறைமுகத்துக்குள் சிறிய டிங்கிப் படகுகளில் பாய் கட்டிப் பழகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இணையத்தில் அறிமுகமான ஒரு தம்பதியர், தாங்கள் குடியிருக்கும் 38 அடிப் படகை வரும் பிப்ரவரியில் தாய்லாந்தின் ஃபூக்கெட்டிலிருந்து இலங்கையின் காலிக்குக் கொண்டுவரும்போது, என்னை மூன்றாவது ஆளாக வருமாறு அழைத்திருக்கிறார்கள். பாய் எனக்கு ஓரளவு பழக்கம். ஆனால் பத்து நாள் கரையே காணாமல், எங்கள் வீட்டுக் கூடத்தைவிடச் சிறிய இடத்தில் உறங்கி, உண்டு, குளித்து வாழ்வது எப்படி என்பது தெரியவில்லை. ‘நடுக்கடலில் சண்டை வந்தால் எங்கே இறங்கிப் போவீர்கள்?’ என்று மனைவி கேட்கிறாள். அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கொண்டல்:
ஐயா, அந்தத் தொலைவு ஏறத்தாழ 1,100 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடினால் நாளொன்றுக்கு 120 ஆகும். எனவே பத்து நாள் என்ற கணக்குச் சரியே. பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், மேற்கே போகும் படகை அது வலப்புறப் பின்பக்கத்திலிருந்து தள்ளிக்கொடுக்கும். அந்தப் பாதைக்கு ஏற்ற பருவம்தான்.

மூன்று பேர் என்றால் மூன்று மணிநேரக் காவல், ஆறு மணிநேர ஓய்வு என்று முறை வைப்பார்கள். சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும் என்றாலும், அடிவானத்தில் தலைகாட்டும் சரக்குக் கப்பல் இருபது நிமிடங்களில் உங்கள் அருகில் வந்துவிடக்கூடும் என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நாலாபுறமும் பார்க்க வேண்டும். படகு உருளும்போது கீழே விழாதிருக்கப் படுக்கையோரத்தில் துணித்தடுப்பு கட்டியிருக்கும். முதல் மூன்று நாள் எதுவும் பிடிக்காது; பிறகு உடம்பு தானாகப் பழகிவிடும்.

தண்ணீர்தான் உண்மையான சோதனை. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும், அது பழுதாகும் என்று வைத்துக்கொண்டே தொட்டி நீரைச் செலவிட வேண்டும். பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் கடல்நீரில்தான். கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர் கிடைக்கும். 2019 கோடையில் குடங்களை வரிசையில் வைத்து லாரிக்குக் காத்திருந்த நம் ஊர்க்காரருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சண்டை பற்றி உங்கள் மனைவி கேட்டதே இங்கு முக்கியமான கேள்வி. படகில் தலைவரின் சொல்லே முடிவு. ஆகவே செலவை எப்படிப் பகிர்வது, மது உண்டா, திரும்பிவிடலாம் என்று யார் தீர்மானிப்பது என்பவற்றைக் கரையிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் பெயர் படகின் ஆட்பட்டியலில் ஏறிவிட்டால், காலியில் நீங்கள் இறங்கும்போது அதை முறையாக நீக்கித்தர வேண்டிய பொறுப்பும் அவருடையது. ஊர் திரும்பும் விமானச் சீட்டை முன்கூட்டியே காட்டச் சொன்னால் தவறாக எண்ண வேண்டாம். புறப்படும் முன் ஃபூக்கெட்டின் சலோங் விரிகுடாவில் நங்கூரமிட்ட படகில் நான்கைந்து நாள் அவர்களோடு தங்கிப் பாருங்கள். அதுபோன்ற இடங்களில் படகுவாசிகள் வி.எச்.எஃப். என்னும் குறுந்தொலைவுப் பேச்சு வானொலியில் ஒருவரையொருவர் அழைத்து, வானிலை முதல் உதிரிபாகம் வரை விசாரித்துக்கொள்வார்கள். மின்பொறியாளர் ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால், யாராவது ஒருவருடைய பேட்டரியைப் பார்க்காமல் நீங்கள் கிளம்பவே முடியாது!

காசிமேட்டுப் பேரன்:
கொண்டல் ஐயா கூறியதோடு ஒன்று சேர்க்கிறேன். நடுக்கடலைவிடக் கடைசி இரண்டு நாள்தான் விழிப்பு அதிகம் தேவை. இலங்கையின் தென்கோடியிலுள்ள தெய்வேந்திர முனைக்கு வெளியே பெருங்கப்பல்கள் ஓயாமல் போய்வரும். அவற்றுக்கு வழிவிட்டுக் கரையை ஒட்டி வந்தாலோ மீன்பிடி வலைகள் இருக்கும். வலையின் நுனியில் ஒரு மங்கிய விளக்குதான் மிதக்கும்; சில வலைகளுக்கு அதுவும் இராது. படகை உந்தும் சுழல்விசிறியில் வலை சிக்கினால் உங்களுக்கு ஒரு நாள் வீணாகும், வலைக்காரருக்கோ பிழைப்பே போகும். கூடுமானவரை பகல் வெளிச்சத்தில் கரையை நெருங்குங்கள்.

கமலா:
சமையலைப் பற்றி யாரும் பேசவில்லையே! நானும் என் கணவரும் ஒரு படகில் எட்டு மாதம் வாழ்ந்தோம். பிரஷர் குக்கர் கட்டாயம் வேண்டும். எரிவாயு மிச்சமாகும், மூடி பூட்டிக்கொள்வதால் படகு ஆடினாலும் குழம்பு கொட்டாது. அடுப்பே படகின் ஆட்டத்துக்கு ஏற்பத் தொங்கி ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கும்; அதைப் பார்த்து முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. மாவு அந்த வெப்பத்தில் நன்றாகவே புளித்தது, ஆனால் மிக்சியை ஓட்டினால் பேட்டரி இறங்குகிறது என்று என் கணவர் முகம் சுளிப்பார். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துச் செல்லுங்கள் ஐயா. குமட்டல் தீர்ந்த நாளில் முதலில் இறங்குவது அவைதான்.

திருவான்மியூர்வாசி:
மூவருக்கும் நன்றி. சலோங்கில் ஐந்து நாள் தங்கிப் பார்த்த பிறகே முடிவு சொல்வேன் என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். ‘காலி எதற்கு, நேரே சென்னைக்கே வரச் சொல்லுங்களேன்’ என்கிறாள் மனைவி, அது இயலுமா?

கொண்டல்:
காலியிலிருந்து வடக்கே திரும்பினால் அதே வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும் ஐயா. சென்னைத் துறைமுகமோ சரக்குக் கப்பல்களுக்கானது. அம்மாவைக் காலிக்கு வரச் சொல்லுங்கள்.