1/2, 1/3, 1/4... கூட்டினால் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: இரண்டாம் செமஸ்டர் கால்குலஸில் தொகையீடு (integration) கைவந்துவிட்டது. முடிவிலித் தொடர்தான் திணறடிக்கிறது. உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றனவே, கூட்டுத்தொகை மட்டும் ஏன் வளர்ந்துகொண்டே போகிறது?

பதில்: கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள் தம்பி. 1/3 + 1/4, அரையைத் தாண்டும். 1/5 முதல் 1/8 வரை நான்கும் சேர்ந்தால், ஒவ்வொன்றும் 1/8-க்குக் குறையாததால், மறுபடி அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்தால் எங்கே நிற்கும்? 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஓரேம் தந்த நிரூபணம் இது. எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி கேட்டவர்: புரிந்தது அண்ணா! அப்போது 1 + 1/4 + 1/9...?

பதில்: அது ஒருங்கும், அதாவது கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கிவிடும். தொடரைத் தொகையீட்டோடு ஒப்பிடும் தொகையீட்டுச் சோதனையைப் போட்டுப் பாருங்கள். மதிப்பு பை-யின் (π) வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று கண்டவர் கணித மேதை ஆய்லர்.

இன்னொருவர்: தொடரில் காரணீயம் (n!) வந்தால் முதலில் விகிதச் சோதனை, அதாவது அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதத்தைப் பாருங்கள்.