லேப்டாப் உறைந்து நிற்கிறது, டிஸ்க் 100%: மதர்போர்டு போச்சு என்கிறார்கள், நிஜமா?

பந்தல்கடை:
வணக்கம். கடைக் கணக்குக்கு வைத்திருக்கும் 2017 லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கொஞ்ச நாளாக ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரவே கால் மணி நேரம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியூ 4%தான், டிஸ்க் மட்டும் 100%லேயே நிற்கிறது. டாலி கணக்கு மென்பொருளில் பழைய பில் எதையாவது திறந்தால் அப்படியே உறைந்துவிடும். அந்த நேரம் கைவைக்கும் இடத்துக்குக் கீழே 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம்.

சர்வீஸ் கடையில் காட்டினால் மதர்போர்டு போச்சு, ஒன்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) போட்டால் சரியாகுமா? உள்ளே எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறதாம். டாலி டேட்டா, பிள்ளைகள் போட்டோ எல்லாம் இதில்தான், வேறு காப்பி கிடையாது.

கோவைவாசி:
விண்டோஸிலேயே இருக்கிற டிஸ்க் சோதனை, செக்டிஸ்க்கை 'ஆர்' ஸ்விட்ச் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. பேட் செக்டர் (டிஸ்க்கில் கெட்டுப்போன துண்டு) எல்லாம் சரியாகிடும்.

திருகாணி:
பந்தல்கடை சார், அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். அந்த ஓட்டம் டிஸ்க்கை ஒரு மூலை விடாமல் படிக்கும். படிக்கும் தலை தடுமாறுகிற டிஸ்க்குக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். போதாததற்கு ஃபைல் அமைப்பைத் 'திருத்துகிறேன்' என்று எழுதவும் செய்யும். காப்பி எடுத்த பிறகு என்ன வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை இறக்கித் திறந்து பாருங்கள். 05, சி5, சி6, சி7 இந்த நான்கு வரிசையிலும் 'ரா' மதிப்பு என்ன என்று சொல்லுங்கள்.

பந்தல்கடை:
மேலே மஞ்சளில் 'காஷன்' என்று வருகிறது. 05 எல்லாம் பூஜ்யம். சி5 கடைசியில் பி8. சி6லும் பி8. சி7 பூஜ்யம். பி8 என்றால் எட்டா?

திருகாணி:
இல்லை, அந்த மென்பொருள் பதினாறடிமான எண்ணில் காட்டும். பி8 என்றால் 184.

சி5 என்பது படிக்க முடியாமல் டிஸ்க் தனியே குறித்துவைத்திருக்கும் செக்டர்கள். அவற்றில் மறுபடி எழுதிப் பார்த்து, தேறாவிட்டால்தான் மாற்று இடத்துக்குத் தள்ளும், அப்போதுதான் 05 ஏறும். உங்களுக்கு 05 பூஜ்யமாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சி7 பூஜ்யம் என்பது நல்ல சேதி. கேபிளிலோ போர்டின் சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் வழி) பக்கமோ கோளாறு இருந்தால் பெரும்பாலும் அது ஏறியிருக்கும். சிபியூ சும்மா இருக்க டிஸ்க் 100%, பழைய பில்லில் மட்டும் உறைதல், டிக் சத்தம், 184 செக்டர்: போகிறது டிஸ்க்தான். இதைப் பார்க்காமல் மதர்போர்டுக்கு விலை சொன்னவரிடம் மறுபடி போகாதீர்கள்.

இப்போது ஒரே வேலை காப்பி. வெளி ஹார்டு டிஸ்க்கில் முதலில் டாலி டேட்டா ஃபோல்டர், அது முடிந்த பிறகு போட்டோ. மொத்தமாக இழுத்துப் போடாமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். ஒன்றில் மாட்டிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். விட்டதை லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு எடுக்கலாம். அது நன்றாக இருக்கும் பகுதியை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடத்துக்குக் கடைசியில்தான் வரும். எதுவரை படித்தோம் என்று மேப் ஃபைலில் எழுதிவைப்பதால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பழையஇரும்பு:
எஸ்எஸ்டி கேள்விக்கு நான் சொல்கிறேன். எம்.2 என்பது சொருகும் வடிவம் மட்டும். அதில் சாட்டாவும் ஓடலாம், அதைவிட வேகமான இணைப்பு வழியான என்விஎம்இயும் ஓடலாம். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் சாட்டா மட்டும் எடுக்கும் ஸ்லாட் நிறைய உண்டு, என்விஎம்இ போட்டால் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) தலையே காட்டாது. சிலதில் ஸ்லாட்டே இருக்காது, போர்டில் வெறும் தடம் மட்டும் இருக்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் மானுவலைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும், பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். வினாடிக்கு 550 எம்பிதானே, என்விஎம்இ பல மடங்கு வேகமாச்சே என்பார்கள். கணக்கு எழுத அந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ரகமாகத்தான் இருக்கும். ஒரு சுற்றுக்கே 11 மில்லிசெகண்டு. ஒவ்வொரு குட்டி ஃபைலுக்கும் அந்தச் சுற்றுக்காகக் காத்திருந்து, தலையும் நகர வேண்டும். எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பே இல்லை.

1 டிபி டிஸ்க்கை அப்படியே 500 ஜிபியில் குளோன் செய்யவும் வராது, செய்யவும் வேண்டாம். நோய்ப்பட்ட விண்டோஸை ஏன் சுமக்க வேண்டும்? புதிதாகப் போடுங்கள். அதே மதர்போர்டு என்பதால் லைசென்ஸ் நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

கழற்றும்போது சார்ஜரை எடுத்துவிட்டு, உள்ளே பேட்டரி கனெக்டரையும் பிடுங்கிவிடுங்கள். டிவிடி டிரைவ் இருந்தால் அதை வெளியே இழுத்த பள்ளத்துக்குள்ளும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம், அதை விட்டுவிட்டு மூடியை நெம்பினால் கிளிப் உடையும். டிஸ்க்கைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தை எறியாதீர்கள், எஸ்எஸ்டியை அதில்தான் முடுக்க வேண்டும்.

பந்தல்கடை:
டாலி முழுதும் வந்துவிட்டது, கடையில் வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிட்டேன். போட்டோவில் இரண்டு ஃபோல்டர் மட்டும் மாட்டியது, டிடிரெஸ்க்யூவில் பெரும்பகுதி கிடைத்தது. எஸ்எஸ்டி மாட்டியாச்சு, பயாஸிலும் தெரிகிறது. ஆனால் விண்டோஸ் போடும்போது இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, போட முடியாது என்கிறது. எஸ்எஸ்டியே கோளாறா?

திருகாணி:
கோளாறு இல்லை. மாட்டுவதற்கு முன் எங்காவது யூஎஸ்பியில் சொருகி 'இனிஷியலைஸ்' செய்தபோது எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரித்துக் குறிக்கும் பழைய முறை) ஆகியிருக்கும். பயாஸின் புது வடிவமான யூஈஎஃப்ஐயில் பூட் ஆகும் விண்டோஸ், புது முறையான ஜிபிடிதான் கேட்கும். வெளி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, அதே திரையில் எஸ்எஸ்டியில் இருக்கும் எல்லா பார்ட்டிஷனையும் டெலீட் செய்யுங்கள். 'அன்அலோகேட்டட்' என்று ஒரே வரி வந்ததும் அதைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுங்கள், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பந்தல்கடை:
போட்டாச்சு அண்ணா, டெஸ்க்டாப் வர இருபது செகண்டு கூட ஆகவில்லை. பழைய டிஸ்க்கை டிவிடி டிரைவ் இடத்தில் பொருத்தும் 'கேடி' சட்டம் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா? சும்மா கிடக்கிறதே.

பழையஇரும்பு:
வேண்டாம். 184 செக்டர் போன டிஸ்க் கூடவே இருந்தால் பூட் ஆகும்போது அதையும் எழுப்பிப் பார்த்து மறுபடி உறையும். மிச்சப் போட்டோவுக்காக வேண்டுமானால் எடுத்து வையுங்கள். காயலான் கடைக்குப் போடுவதானால் தட்டில் நாலு இடத்தில் டிரில் போட்டுவிட்டுப் போடுங்கள், கடைக் கணக்கு உள்ளே இருக்கிறது. அப்புறம் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான இலவச அப்டேட் முடிந்துவிட்டது. உங்கள் ஏழாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, அதற்குத் தனி இழை போடுங்கள்.