ஐடெக்ஸ்ட் சேர்த்த பில்லிங் மென்பொருள்: மூலநிரலைக் கொடுத்தே ஆகணுமா?

ஜவுளிபில்: வணக்கம். ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு ஜாவாவில் பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறோம். நானும் மச்சானும், ரெண்டே பேர். பில்லை பிடிஎஃப் ஆக்க ஐடெக்ஸ்ட் 5 என்ற லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதிவைத்த தயார் நிரல். ஓப்பன் சோர்ஸ் என்று போட்டிருந்ததால் எடுத்துக்கொண்டோம். இப்போது ஒரு பெரிய கடை, உள்ளே இருக்கும் லைப்ரரிகளின் உரிமப் பட்டியலைக் கேட்கிறது. பார்த்தால் ஏஜிபிஎல், சேர்த்து விற்றால் நம் நிரலையும் திறக்கச் சொல்லும் உரிமம்! எங்கள் நிரலைக் கொடுக்க மனசில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு: 'வேட்டி' என்று அடித்தால் இரட்டைக்கொம்பு வ-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

கட்டுத்தறி: விற்பதற்குத் தடையில்லை. ஆனால் வாங்கும் கடைக்காரருக்கு உங்கள் நிரலையும் சேர்த்து முழு மூலநிரலை அதே உரிமத்தில் கொடுக்கணும். ஊருக்கெல்லாம் இல்லை, வாங்கியவருக்குத்தான். அவர் அதைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்தால் தடுக்க முடியாது. நம் சர்வரிலேயே ஓட்டினால் தப்பலாமே என்று தோன்றும். இதற்கு மூலமான ஜிபிஎல் உரிமத்தில் அந்தச் சந்து உண்டு. மாற்றிய நிரலை நெட்வொர்க் வழியே ஓட்டினாலும் மூலநிரல் தரணும் என்று 2007-ல் வந்த ஏஜிபிஎல் 3 அடைத்துவிட்டது.

நேரம்தான்காசு: வணிக உரிமம் வாங்கிவிடுங்கள். லைப்ரரி மாற்ற மூன்று வாரம் உட்கார்ந்தால் அதுவும் செலவுதானே? ஐடெக்ஸ்ட் 7-க்குத் தமிழ் எழுத்தை ஒழுங்காக அடுக்கும் துணைநிரலும் விலைக்கு இருக்கிறது.

கட்டுத்தறி: அந்தத் துணைநிரல் வேறு கதை. மற்றபடி காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஐடெக்ஸ்ட் நிரல் ஒன்றேதான். ரெண்டிலும் மூலநிரல் கையில் இருக்கிறது, உள்ளே எப்படி ஓடுகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வணிக உரிமத்தில் நீங்கள் வாங்குவது ஏஜிபிஎல் நிபந்தனையிலிருந்து விலக்கு.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் ஓப்பன்பிடிஎஃப். ஐடெக்ஸ்ட் 4 எல்ஜிபிஎல், எம்பிஎல் என்ற தளர்வான உரிமங்களில் இருந்தது. அதிலிருந்து பிரிந்த கிளை இது. உங்கள் நிரலைத் திறக்க வேண்டாம். லைப்ரரியில் கை வைத்தால் மாற்றிய லைப்ரரியின் மூலநிரலை மட்டும் கொடுக்கணும்.

பழையதறி: தமிழ் பில்லுக்கு லைப்ரரியோடு மல்லுக்கட்டாதீர்கள். எச்டிஎம்எல்லாக எழுதி, குரோமியம் பிரவுசரை ஹெட்லெஸ்ஸாக, அதாவது திரையில் சன்னல் திறக்காமல், ஓட்டி பிடிஎஃப் எடுங்கள். எழுத்தை அடுக்கும் வேலையை அதற்குள் இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி பார்த்துக்கொள்ளும்.

ஜவுளிபில்: ஆறு நாளில் முடிந்தது. ஆங்கில பில் ஓப்பன்பிடிஎஃபில். மாற்றியது பெரும்பாலும் இம்போர்ட் வரிகளைத்தான். நிறத்துக்கு ஐடெக்ஸ்டின் பேஸ்கலர் இருந்த இடத்தில் ஜாவாவின் சொந்த கலர் வகுப்பு. தமிழ் பில் குரோமியத்தில். வேட்டி வேட்டியாகவே வருகிறது. என்ன, 4 ஜிபி ராம் கணினியில் பில் வர மூன்று செகண்டு ஆகிறது, கடைக்காரர் முறைக்கிறார். உரிமப் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

கட்டுத்தறி: சரி, ஏற்கெனவே விற்ற கடைகள்?

ஜவுளிபில்: பதினோரு கடை. திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றுகிறோம்.

கட்டுத்தறி: மாற்றினால் இனிமேலுக்குத்தான் சரி. கொடுத்து முடித்ததற்கு ஒரு வக்கீலைப் பாருங்கள்.