விறகை ஊற வைத்துப் போடச் சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி

கனல்மணி:
நேற்று ஒரு காணொளி பார்த்தேன். திறந்தவெளியில் பார்பிக்யூ போடுகிறவர், "விறகை ஒரு இரவு தண்ணீரில் ஊற வைத்தால்தான் இறைச்சியில் புகைமணம் ஏறும்" என்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல். பச்சை மரத்தின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான். அதை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரத்தான் பிளந்து, அடுக்கி, மாதக்கணக்கில் காற்றாடப் போடுகிறோம். எதற்கு, கடைசியில் வாளியில் முக்குவதற்கா?

புகைச்சல்காரன்:
நான் பதினைந்து வருடமாக ஊற வைத்துத்தான் போடுகிறேன். சாப்பிட்ட ஒருவரும் முகம் சுளித்ததில்லை. காய்ந்த மரச்சில்லைக் கங்கின்மேல் போட்டால் குப்பென்று பற்றி ரெண்டு நிமிடத்தில் சாம்பல். ஊறியது நின்று புகையும். காணொளிக்காரர் சொன்னதில் தப்பே இல்லை.

கனல்மணி:
நின்று புகையவில்லை ஐயா, நின்று ஆவி விடுகிறது. மரம் நன்றாகப் புகைய வேண்டுமென்றால் சூடு 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் போகிற வரை அது 100-ஐ விட்டு நகராது. நீங்கள் பார்ப்பது இட்லிச் சட்டியில் வருகிற ஆவி. அதோடு, தண்ணீர் கட்டைக்குள் இறங்குவதே இல்லை. நீலச் சாயம் கலந்த தண்ணீரில் ஒரு இரவு போட்டுவிட்டு, காலையில் வெட்டிப் பார்த்தேன். நிறம் மேல்தோலோடு நின்றுவிட்டது.

நெருப்புக்கோழி:
ஒரே பதிவில் தண்ணீர் இறங்காது என்கிறீர்கள், இறங்கிய தண்ணீர் ஆவியாகிறது என்றும் சொல்கிறீர்கள். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கனல்மணி:
மேலே ஒட்டியிருக்கிற தண்ணீர் ஆவியாகும், உள்ளே இறங்காது. இரண்டும் ஒன்றா? நிதானமாகப் படித்தால் புரியும்.

புகைச்சல்காரன்:
சாயத்தை மரம் வடிகட்டிவிடும். தண்ணீர் உள்ளே போகும், நிறம் வெளியே நிற்கும். இதைப் போய்ச் சோதனை என்கிறீர்களே.

கனல்மணி:
இப்படிச் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் எடையும் போட்டேன். ஊறுவதற்கு முன் 412 கிராம், ஒரு இரவு ஊறிய பின் 430. வெறும் 18 கிராம். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

நெருப்புக்கோழி:
துடைத்துவிட்டு எடை போட்டீர்களா?

மரவண்டு:
கனல்மணி அண்ணன் சொல்வது சரி. ஓக் மரத்தில் பீப்பாய் செய்து வருடக்கணக்கில் சாராயம் ஊற்றி வைக்கிறார்கள். மரத்துக்குள் தண்ணீர் இறங்கும் என்றால் பீப்பாய் ஒழுகாதா?

புகைச்சல்காரன்:
அது வெள்ளை ஓக் தம்பி. அதன் துளைகள் தாமாகவே அடைத்துக்கொள்ளும். சிவப்பு ஓக்கில் ஒரு சிறு துண்டை எடுத்து ஒரு முனையில் ஊது, மறுமுனையில் காற்று வரும். அதில் பீப்பாய் செய்தால் தரைதான் குடிக்கும். அண்ணன் ஊற வைத்தது எந்த ஓக்?

கனல்மணி:
ஓக்கே இல்லை, செர்ரி. பேச்சை ஏன் மாற்றுகிறீர்கள்? 18 கிராமுக்குப் பதில் சொல்லுங்கள்.

வெளித்திண்ணை:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஓக்கா, ஆப்பிளா, மெஸ்கீட்டா? பைன் கட்டை சும்மாவே கிடைக்கிறது, அது ஆகுமா?

கனல்மணி:
பைன் பக்கமே போகாதீர்கள். பிசின் எரிந்து கரி படியும், இறைச்சி கசக்கும். மணிக்கணக்கில் வேக வேண்டியதற்கு ஓக். மென்மையான மணத்துக்கு ஆப்பிள், செர்ரி. மெஸ்கீட் நல்ல சூடு கொடுக்கும், ஆனால் அதன் புகை முரட்டுத்தனமானது. சட்டென்று சுட்டு எடுப்பதற்கு ஆகும், நாள் முழுக்கப் புகையில் கிடந்தால் வாயில் வைக்க முடியாது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். டங்கென்று கேட்டால் காய்ந்திருக்கிறது, தொப்பென்றால் ஈரம். முக்கியமாக, ஊற வைக்காதீர்கள்.

புகைச்சல்காரன்:
வெளித்திண்ணை, சில்லாக இருந்தால் அரை மணி நேரமாவது ஊற வையுங்கள். ஞாயிறு சாயங்காலம் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

சும்மாவந்தவன்:
ஒருவர் கட்டையைப் பற்றிப் பேசுகிறார், ஒருவர் சில்லைப் பற்றிப் பேசுகிறார். கங்குக்கு நேர்மேலே சுடுவதா, மூடி போட்டு ஓரமாக வைத்துப் புகை காட்டுவதா என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காதே?

கனல்மணி:
எதுவாக இருந்தாலும் தண்ணீர் இறங்காது. சில்லு சீக்கிரம் எரிகிறதென்றால் காற்று வருகிற வழியைச் சுருக்குங்கள். அல்லது தகரத்தாளில் சுற்றி நாலு ஓட்டை போட்டு வையுங்கள். கண்ணைக் கரிக்கிற வெள்ளைப் புகை அடங்கி, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி மெல்லிய நீலப் புகை வரும். மணம் தருவது அதுதான். ஈர விறகிலிருந்து வருவது கரிப்பிசின்.

நெருப்புக்கோழி:
இவ்வளவு விவரம் தெரிந்தவர்தான் போன வருடம் இதே இடத்தில், சரக்கு ஏற்றுகிற மரத்தட்டை உடைத்து எரிக்கலாம் என்று புதியவர் ஒருவருக்குச் சொன்னார்.

கனல்மணி:
எச்.டி. முத்திரை இருந்தால் என்று சொன்னேன். எம்.பி. இருந்தால் மீத்தைல் புரோமைடு என்கிற பூச்சிக்கொல்லி நச்சு, தொடாதே என்றும் சொன்னேன். பாதியை வெட்டிவிட்டு மீதியைக் காட்டுகிறீர்கள்.

நெருப்புக்கோழி:
எச்.டி. என்றால் பூச்சி சாக மரத்தைச் சூடு காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் அதன்மேல் என்ன ரசாயனம் கொட்டியது என்று முத்திரையில் எழுதியிருக்குமா? அதில் சுட்டதை நான் சாப்பிட மாட்டேன்.

கனல்மணி:
உங்களை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மரவண்டு:
பெயின்ட் அடித்த பலகை, அரளிக் கொம்பு இதையெல்லாம் எரிக்கவே கூடாது என்று அண்ணன் முன்பே எழுதியிருக்கிறார். சும்மா அவரையே குறை சொல்லாதீர்கள்.

புகைச்சல்காரன்:
அண்ணனுக்கு வக்காலத்து வாங்க ஒரு தம்பி எப்போதும் தயாராக நிற்கிறார். நன்றாக இருக்கிறது.

வெளித்திண்ணை:
அப்படியானால் செர்ரிக் கட்டை, ஊற வைக்க வேண்டாம். சரிதானே?

புகைச்சல்காரன்:
கட்டை வேண்டாம், சில்லு வாங்குங்கள். ஊற வையுங்கள்.

கனல்மணி:
ஊற வைக்காதீர்கள்! 18 கிராமுக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. யார் என்ன சொன்னாலும் இன்று ராத்திரி இன்னொரு கட்டையை ஊறப் போடுகிறேன். காலையில் படத்தோடு வருகிறேன்.

புகைச்சல்காரன்:
ஆக, நீங்களும் ஊற வைக்கிறீர்கள்.

நெருப்புக்கோழி:
இந்தத் தடவையாவது துடைத்துவிட்டு எடை போடுங்கள்.